இறங்க மறுத்த அறிவிப்புகள்

வில்மர் பின்தோஸ் எங்கள் துராஸ்னோ ஊர் வானொலியில் இருபத்தொன்பது வருஷம் அறிவிப்பு வாசித்தார். அத்தனை வருஷமும் நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு மேஜையைப் பார்த்துக்கொண்டேன். என் பெயர் எபர். அவரைப் பற்றி எழுத வேறு ஆள் கிடைக்காததால் நான் எழுதுகிறேன். எழுத்து எனக்குப் பழக்கமில்லை.

அறிவிப்பு என்றால் செய்தி அல்ல. அந்தக் காலத்தில் பண்ணைகளில் தொலைபேசி கிடையாது. ஊருக்குள் இருக்கும் சொந்தக்காரர்கள் எங்கள் கவுண்டருக்கு வந்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். காலை ஆறரை, மதியம் பன்னிரண்டரை, சாயங்காலம் ஏழு. வில்மர் அதை வாசிப்பார். சரந்தி பக்கம் வேலியடிக்கப் போன இன்னாருக்கு, வெள்ளிக்கிழமை பேருந்தில் அண்ணி வருகிறாள், பண்ணை வாசலில் குதிரையோடு நிற்கவும். இன்ன குடும்பத்துக்கு, அறுவை சிகிச்சை முடிந்தது, புறப்பட வேண்டாம். இன்னாருக்கு, அப்பா இன்று விடிகாலை காலமானார், அடக்கம் நாளை பத்து மணி. எல்லாவற்றையும் அவர் ஒரே குரலில்தான் வாசிப்பார். சாவுக்குக் குரலைத் தாழ்த்த மாட்டார், பிறப்புக்கு உயர்த்தவும் மாட்டார். பெயரையும் இடத்தையும் நேரத்தையும் இரண்டு முறை சொல்வார். அவ்வளவுதான்.

அவர் அம்மா இறந்த அன்று மதியமும் வந்து உட்கார்ந்தார். அம்மாவுக்கான அறிவிப்பைத் தானே எழுதி, அறிவிப்புத் தாள்களின் அடுக்கில் நான்காவதாக வைத்திருந்தார். வாசித்தார். ஐந்தாவது தாள், காணாமல் போன ஒரு செம்பழுப்புக் குதிரை. அதையும் வாசித்தார். பின்தோஸ் என்ற குடும்பப் பெயர் எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு உண்டு. முடியும் வரை எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஒலிபரப்பு விளக்கு அணைந்ததும் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு, சாயங்காலத்துக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை ஆறரைக்கு நாற்காலியில் இருந்தார்.

கல்நெஞ்சக்காரர் என்று ஊரில் சொன்னார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

பிறகு எல்லோர் கையிலும் மொபைல் வந்தது. அறிவிப்பு நாளுக்கு மூன்று நான்காகக் குறைந்தது. ஒரு குளிர்காலத்தில் அவர் குரல் கம்மியது. அந்த ஆளுக்குச் சளியா என்று கேட்டு நிலையத்துக்கு அழைப்புகள் வந்தன. மூன்று மாதமாகியும் அந்தச் சளி போகவில்லை. தலைநகர் மோந்தெவிதேயோவில் பார்த்தார்கள், தொண்டையில் புற்று என்றார்கள், குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை. அதன் வழியாகத்தான் மூச்சு. அவர் மனைவி நிபியா அதை மூடி வைக்க மெல்லிய வெள்ளைத் துணியில் பன்னிரண்டு கழுத்துத் துணி தைத்தாள்.

கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். சவரம் செய்யும் மெஷின் அளவு இருக்கும். வீட்டில் அதை ஒரே ஒருமுறை போட்டுப் பார்த்தாராம். மேஜைக்குக் கீழே படுத்திருந்த நாய் எழுந்து வெளியே போய்விட்டது என்று நிபியா சொன்னாள். கருவி இழுப்பறைக்குள் போனது. அதற்குப் பிறகு ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் நீலப் பேனாவும்தான் அவர் பேச்சு. நான் போனால் நிலையத்து வம்புகளைச் சொல்வேன். அவர் "சரி" என்று எழுதுவார். அதை அழிக்காமலே வைத்திருப்பார், அடுத்த பதிலுக்கும் அதுவே உதவும் என்று.

மூக்கு வழியாகக் காற்று போகாததால் வாசனை தெரியாமல் போயிற்று. சூப்பை ஊதி ஆற்ற முடியாது. கரண்டியால் கிளறிக்கொண்டே இருப்பார். இரண்டு வருஷம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

நிபியா ஒருநாள் வாசல் வரை என்னோடு வந்து, "அழுதா எனக்குப் புரியும் எபர். கோவப்பட்டாக்கூடப் புரியும். இவரு கரண்ட் போன ஃபிரிட்ஜ் மாதிரி இருக்காரு. தொறந்து பாத்தா எல்லாம் அடுக்கி வச்ச மாதிரியே இருக்கு, லைட்டுதான் எரியல" என்றாள்.

அந்த ஆகஸ்டில் நிலையத்துப் பழைய வீட்டை விற்றுவிட்டு இரண்டு அறை உள்ள மாடிக்கு மாறினோம். பழைய கேசட், டிஸ்க் எல்லாவற்றையும் தூக்கிப்போடச் சொன்னார் முதலாளி. ஒலிபரப்பானதைச் சில மாதம் வைத்திருந்துவிட்டு அழிக்க வேண்டும் என்பது வழக்கம். நான் அழித்ததில்லை. முதலில் சோம்பல், பிறகு பழக்கமாகிவிட்டது. இரண்டு குளிர்காலமாக ஓய்வு நேரத்தில் அவற்றையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றி வைத்திருந்தேன். கெடாமல் மிஞ்சியதில் வில்மரின் குரல் மட்டும் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு துண்டுகள். அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி, நிலையத்தின் பழைய இணையதளத்தில் போட்டு, லிங்கை அவருக்கு மெயிலில் அனுப்பினேன். மாதக் கடைசியில் அந்தத் தளத்தை மூடப் போகிறார்கள், அதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். பத்தொன்பது நாள் இருந்தது.

வேண்டுமா என்று அவரைக் கேட்கவில்லை. அவருக்காகத்தான் செய்தேனா என்றும் இப்போது சொல்ல முடியவில்லை. எனக்குத் தூக்கிப்போட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. ஒரே ஒரு சொல்: "இறங்கவில்லை."

என்ன நடந்தது என்று கேட்டேன். அறிவிப்புத் தாள் போலவே வரிசையாக எழுதியிருந்தார். லிங்கை அழுத்தினேன். முழுதும் வருவதற்குள் நின்றது. இந்த ஃபைல் ஆபத்தானதாக இருக்கலாம், தடுக்கப்பட்டது என்று சிவப்பில் எழுதியது. மறுபடி அழுத்தினேன். அதேதான். நேரம், காலை ஏழு பத்து.

எனக்குப் பதிவு மேஜை தெரியும், கம்ப்யூட்டர் அவ்வளவு தெரியாது. விடுங்கள், பென்டிரைவில் போட்டு நானே கொண்டுவந்து தருகிறேன் என்று எழுதினேன். அரைமணி நேரத்தில் பதில்: "வேண்டாம். எதனால் தடுக்கிறது என்று தெரிய வேண்டும்."

இரண்டு வருஷத்தில் அவர் வேண்டும் என்று எதையும் எனக்கு எழுதியதில்லை.

அந்த வாரம் அவர் ஆறு மணிக்கு எழுந்து சவரம் செய்துகொண்டு, ஆறரைக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வதாக நிபியா சொன்னாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னாள். அவர் லிங்கை அழுத்துவார். சிவப்பு எழுத்து வரும். நோட்டில் நேரத்தைக் குறிப்பார். மாத்தே மூலிகைத் தேநீர் குடிப்பார். மறுபடி அழுத்துவார்.

ஆன்டிவைரஸ் கம்பெனியின் உதவி எண் பழைய டப்பாவின் பின்புறம் இருந்தது. நிபியா எண்ணைச் சுழற்றி அவரிடம் கொடுத்தாள். எதிரே ஒரு மெஷின், உங்கள் பிரச்சினையைச் சில வார்த்தைகளில் சொல்லுங்கள் என்றது. அவர் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். சரியாகக் கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றது. மூன்று முறை கேட்டுவிட்டு வைத்துவிட்டது. அடுத்த முறை நிபியாவே பேசினாள். நிஜமான ஒரு பெண் வந்தாள். கணக்கு உங்கள் கணவர் பேரில் இருக்கிறது, அவர் தன் குரலில் சம்மதம் சொன்னால்தான் மேலே பேச முடியும் என்றாள். அவருக்குக் குரல் இல்லை என்றாள் நிபியா. பரவாயில்லை, லைனுக்கு வந்து "ஆமாம்" என்று மட்டும் சொன்னால் போதும் என்றாள் அந்தப் பெண்.

நிபியா இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. வில்மர் பலகையை எடுத்து எழுதினார்: "அந்த மெஷினுக்கு நல்ல குரல். மூச்சு விடுற இடம்தான் தப்பு."

பிறகுதான் ரோஸ்மரி தெச்செராவைக் கூப்பிட்டோம். மருந்துக்கடைக்குப் பின்னால் கம்ப்யூட்டரும் மொபைலும் பழுது பார்க்கிறவள், முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு மழை நாள், மதியம் மூன்று மணிக்குக் கருவிப் பையோடு வந்தாள். நானும் இருந்தேன்.

அவள் லிங்கைப் பார்க்கவில்லை. திரையின் மூலையில் இருந்த தேதியைத்தான் முதலில் பார்த்தாள்.

"வில்மர் ஐயா, இது பத்து வருஷம் பின்னாடி நிக்குது. உள்ள இருக்கற பட்டன் பேட்டரி செத்துப் போச்சு. எத்தன நாளா அணைச்சு வச்சிருந்தீங்க?"

அவர் இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு வருஷமா? அதான். இதுக்கு நாமெல்லாம் இன்னும் பொறக்காத ஆளுங்க மாதிரி. ஆன்டிவைரஸ் காவல்காரனும் புதுசா எதையும் கத்துக்கல, பழைய பட்டியலையே வச்சுக்கிட்டு வர்றவனையெல்லாம் திருடன்ங்கறான்."

பேட்டரியை மாற்றித் தேதியைச் சரி செய்தாள். ஆன்டிவைரஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஒரு மணி நேரம் எடுத்தது. அதற்குள் நிபியா எண்ணெயில் மாவைப் போட்டுத் தோர்த்தா பொரித்துக் கொண்டுவந்தாள். வில்மர் தின்னவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்று, தேதி.

இரண்டாவது தடை பிரவுசருடையது. எங்கள் நிலையத்துத் தளம் பழசு, முகவரிக்கு முன்னால் பாதுகாப்புப் பூட்டுச் சின்னம் இல்லாதது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து எது வந்தாலும் பிரவுசர் நிறுத்தி வைக்கும். டவுன்லோட் பட்டியலைத் திறந்து, அனுப்பியவரைத் தெரியுமா என்று நமக்கு நாமே கேட்டுக்கொண்டு, தெரியும் என்றால் மட்டும் வைத்துக்கொள் என்ற பொத்தானை அழுத்த வேண்டும் என்று ரோஸ்மரி காட்டினாள். வில்மர் என்னைப் பார்த்தார். பிறகு அழுத்தினார்.

நாற்பது நிமிஷத்தில் முழு மூட்டையும் இறங்கியது. ஃபோல்டரைத் திறந்தோம். இருந்தது. எங்கள் கண்ணெதிரிலேயே காணாமல் போயிற்று.

"சிறையில போட்டுடுச்சு" என்றாள் ரோஸ்மரி. ஆன்டிவைரஸைத் திறந்து, அடைத்து வைத்தவற்றின் பட்டியலைப் பார்த்தாள். சற்று நேரம் படித்துவிட்டுத் திரும்பினாள். "இந்த மூட்டைக்குள்ள ஒரு புரோகிராமைப் போட்டது யாரு?"

நான்தான். பழைய டிஸ்க்குகளை ஓட்ட நிலையத்தில் வைத்திருந்த சின்ன புரோகிராம், அவருக்கு உதவும் என்று நினைத்து உள்ளே போட்டிருந்தேன்.

"எபர் அண்ணே, ரெண்டாயிரம் நல்லவங்களோட ஒரு சந்தேகக் கேஸையும் பஸ்ல ஏத்தி விட்டிருக்கீங்க. போலீஸ் பஸ்ஸையே நிறுத்திடுச்சு."

ஆன்டிவைரஸைப் பத்து நிமிஷம் அணைத்து வைத்தால் வேலை முடியும் என்றும் அவளே சொன்னாள். வில்மர் தலையாட்டி மறுத்து எழுதினார்: "காவலை நிறுத்தாதே. காரணத்தை எடு." அவள் பலகையைப் படித்துவிட்டு என்னைப் பார்த்து, "உங்களைத்தான் சொல்றாரு" என்றாள். நான் மழையிலேயே நிலையத்துக்குப் போய், அந்தப் புரோகிராமை எடுத்துவிட்டு மூட்டையை மறுபடி கட்டி ஏற்றினேன். தளம் மூட மூன்று நாள்தான் இருந்தது.

மறுநாள் மறுபடி கூடினோம். இந்த முறை இறங்கிய ஃபைல் காணாமல் போகவில்லை. வில்மர் அதைப் பிரித்தார். துண்டுகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒன்றைத் திறந்தார். திறக்க மறுத்தது. ரோஸ்மரி மவுஸின் வலப் பக்கத்தை அழுத்தி, அந்த ஃபைலின் விவரப் பக்கத்துக்குப் போனாள். அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: இது வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து வந்தது, உங்கள் பாதுகாப்புக்காகத் தடுக்கப்பட்டிருக்கலாம். பக்கத்தில் தடையை நீக்கு என்று ஒரு கட்டம்.

"மூட்டையாவே இருக்கும்போது இதுல டிக் போட்டுட்டா உள்ள இருக்கறது எல்லாத்துக்கும் சேரும். பிரிச்சுட்டா ஒவ்வொண்ணா போடணும். பிரிச்சதை அழிச்சிடுங்க. மூட்டைக்கு டிக் போட்டுட்டு மறுபடி பிரிங்க."

அவர் அப்படியே செய்தார். முதல் துண்டு ஓர் ஏப்ரல் மாதத்து மதியம். திறந்தார்.

குரல் வந்தது. நிபியா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள். கார்மென் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத் திங்கள்கிழமை புது டீச்சர் வருகிறார், எதிர்கொண்டு அழைக்க வண்டி வேண்டும், மறுபடி சொல்கிறேன், கார்மென் ஊர். பன்னிரண்டு வினாடி. அவர் நிறுத்தினார்.

நான் எதையோ எதிர்பார்த்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. பலகையில் எழுதினார்: "வேகமா வாசிக்கிறான்."

நிபியா குழாயைத் திறந்தாள். ரோஸ்மரி மூக்கை உறிஞ்சினாள், சளி என்றாள், பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

அதற்கப்புறம் ஒன்பது மாதம் அவர் தினமும் காலையில் உட்கார்ந்து கேட்டார். நாளுக்குப் பத்துத் துண்டு. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி: தேதி, யாருக்கு, யாரிடமிருந்து, என்ன. தலையணை மாதிரி இரண்டு நோட்டு ஆயின. ஞாயிற்றுக்கிழமை கேட்க மாட்டார், ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு கிடையாது.

"இப்ப வீட்ல ரெண்டு ஆம்பளைங்க" என்றாள் நிபியா. "ஒருத்தரு பேசறாரு, ஒருத்தரு சாப்பிடறாரு. ரெண்டு பேருக்கும் சேத்துத் துவைக்கறது நானு."

கேட்கும்போது எப்படி இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினார்: "ஒண்ணும் இல்ல. வேற யாரோ."

ரோஸ்மரியால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. வேலை செய்துகொண்டே கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லியிருக்கிறாள். கார்மெனிலிருந்து தெல்மிரா பெந்தங்கோர் என்ற அம்மாவிடமிருந்து ஒரு தாள் வந்தது. அவள் வீட்டுக்காரர் லொரென்சோ ஏழு மாதத்துக்கு முன்னால் இறந்திருந்தார். இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் பெண் பிறந்தபோது அவருக்கு வானொலியில் சொல்லியனுப்பினோம், அது இருக்குமா என்று கேட்டிருந்தாள்.

நோட்டில் இருந்தது. இருபது வினாடித் துண்டு. வில்மர் அவள் மகளின் மெயிலுக்கு அனுப்பினார். மறுநாள் பதில்: "இறங்கலீங்க. தடுத்திருக்குன்னு வருது."

அவர் தன் நோட்டைப் பார்த்து வரிசையாக எழுதி அனுப்பினார். தேதியைப் பாருங்கள். அனுப்பியவரைத் தெரியுமா என்று பாருங்கள். தெரிந்தால் மட்டும் வைத்துக்கொள் என்பதை அழுத்துங்கள். காணாமல் போனால் சிறையில் தேடுங்கள். விவரப் பக்கத்தில் டிக் போடுங்கள். அவர்கள் எல்லாம் செய்தார்கள். இறங்கவில்லை. இரண்டாம் முறையும் எழுதினார். அதற்கும் அதே பதில்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிப் பேருந்தில் ஏறினார். கேட்டால் வாயைத் திறந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று நிபியா என்னையும் கூட அனுப்பினாள். வழியெல்லாம் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் தூங்கிவிட்டேன்.

தெல்மிராவின் வீட்டுச் சமையலறையில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அறுபது வயது, கட்டையான உடம்பு, கையில் மாவு. அவர் கழுத்துத் துணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். மகள் மைதே லேப்டாப்பை மேஜையில் வைத்தாள். பிறந்ததாக அறிவிக்கப்பட்டவள் அவள்தான்.

வில்மர் கால் மணி நேரம் பார்த்தார். பிறகு எழுதினார்: "இது யாருடையது?"

"நான் வேலை பாக்கற பள்ளிக்கூடத்தோடது" என்றாள் மைதே.

"தடை போட்டது பள்ளிக்கூடம். இது உங்களோடது இல்ல. தொடக்கூடாது."

மைதேவின் முகம் வாடியது. அவர் லேப்டாப்பை மூடிவிட்டு, தெல்மிராவின் மொபைலைக் காட்டிக் கேட்டார். அதில் இறங்காததற்குக் காரணம் வேறு. மொபைலில் இடமே இல்லை. நானூறுக்கு மேல் படங்கள், எல்லாம் காலை வணக்கம்.

"என் கொழுந்தன் அனுப்பறது" என்றாள் தெல்மிரா. "தெனமும் ஒரு ரோஜாப்பூ."

"அழிக்கலாமா?"

"அவனையும் சேத்து அழிங்க."

ஒவ்வொரு ரோஜாவாக அழித்தார். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று மைதே காட்டித் தந்தாள். பிறகு துண்டை அனுப்பினார். ஒரு மணிச் சத்தம், இறங்கிவிட்டது. தெல்மிரா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு விரலால் தொட்டாள்.

தாக்குவாரி ஓடைப் பக்கம் வேலியடிக்கும் லொரென்சோ பெந்தங்கோருக்கு. பெண் குழந்தை. இருவரும் நலம். சனிக்கிழமை வரவும். கறுப்புப் பசுவை விற்க வேண்டாம். மறுபடி சொல்கிறேன், லொரென்சோ பெந்தங்கோருக்கு.

அடுப்பில் விறகு சரிந்தது. தெல்மிரா அவரைப் பார்த்தாள். "இது நீங்களா?"

அவர் தலையசைத்தார்.

அவள் மறுபடி போட்டாள். நான்கு முறை கேட்டாள். அழவில்லை. "அவரு வேலியடிக்கற எடத்துல ரேடியோவுல கேட்டாரு" என்றாள். "கூட இருந்தவங்க அடிக்கடி அவரை வச்சு வெளையாடுவாங்க. பொண்ணு பொறந்துச்சு, பையன் பொறந்தான்னு. ஒண்ணையும் நம்ப மாட்டாரு. நீங்க பஸ்ஸு போயிடுச்சுங்கற மாதிரி சொன்னீங்களாம். அதான் உடனே நம்பினேன்னாரு."

"என் பேரே இல்லையேம்மா இதுல" என்றாள் மைதே.

"அப்ப உனக்குப் பேரே வைக்கல."

வில்மர் எதையோ எழுதினார், அழித்தார், வேறு எழுதினார். பலகையைத் திருப்பிக் காட்டினார்: "கறுப்புப் பசு என்ன ஆச்சு?"

"வித்துட்டாரு. பொண்ணுன்னு கேட்டதும் தொப்பியைத் தூக்கிப் போட்டவரு மிச்சத்தைக் கேக்கவே இல்ல. நல்ல பசு அது."

அவர் தோள் ஒருமுறை குலுங்கியது. சிரிப்பாக இருக்கலாம். இருமலாகவும் இருக்கலாம், அவருக்கு இரண்டும் இப்போது ஒன்று போலத்தான் தெரியும். நான் கேட்கவில்லை. திரும்பும்போது பேருந்தில் பலகையைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நோட்டில் பார்த்துத் தேடிக் கொடுப்பார். சிலருக்கு அப்பாவின் சாவு அறிவிப்பு வேண்டும், சிலருக்குப் பிள்ளை ராணுவத்திலிருந்து திரும்பிய செய்தி. ஒருத்தர் தம்பியின் அடக்க அறிவிப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், திறக்கவே இல்லை என்று ஆறு மாதம் கழித்து வந்து சொன்னார். திறக்க முடியவில்லையா, திறக்கவில்லையா என்று வில்மர் எழுதிக் கேட்டார். திறக்கவில்லை என்றார் அவர். அதற்கு என்னால் ஆகக்கூடியது இல்லை என்று எழுதினார் வில்மர். இருவரும் மாத்தே குடித்துவிட்டுப் பிரிந்தார்கள்.

நிலையத்துப் புது ஆட்கள் அவர் பழைய குரலைக் காலையில் ஒலிபரப்பலாமா என்று என் மூலம் கேட்டார்கள். கேட்பவர்களுக்குப் பிடிக்கும் என்றார்கள். வில்மர் எழுதிய பதிலை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்: "வேண்டாம். வெள்ளிக்கிழமை பேருந்துன்னு கேட்டு யாராவது போய் நிப்பாங்க."

வியாழக்கிழமைகளில் அவர் இப்போது ரோஸ்மரியின் கடையில் உட்காருகிறார். அறிவிப்பு வாங்க வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அது முடியக்கூடிய வேலைதான். ஆனால் ஃபைல் இறங்காதவர்கள் குறையவில்லை. வங்கித் தாள், டாக்டர் அறிக்கை, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் படம். ரோஸ்மரி அவர்களைக் கடைசி மேஜைக்கு அனுப்பிவிடுகிறாள். சிலதை அவர் திறந்து கொடுப்பதில்லை. அனுப்பியவரை இவர்களுக்குத் தெரியாது என்றால் பலகையில் "தடுத்தது சரி" என்று எழுதி, ஃபைலை அழித்துக் காட்டிவிடுவார். போன வருஷம் இரண்டு கிழவிகளை அப்படி மோசடியிலிருந்து காப்பாற்றினார் என்று ரோஸ்மரி சொன்னாள். அவரிடம் கேட்டால் இரண்டா மூன்றா என்று நினைவில்லை என்று எழுதுகிறார்.

இந்த ஜூலையில் ஒரு வியாழன் நான் அங்கே இருந்தேன். ப்ளாங்கீஷோ பக்கத்திலிருந்து ஒருவர் லேப்டாப்பைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். ஸ்பெயினில் இருக்கும் மகன் ஏதோ கையெழுத்துத் தாள் அனுப்பியிருக்கிறான், இறங்கவில்லை, நாளைக்குள் வேண்டும். அவசரத்தில் இருந்தார். வில்மர் பலகையில் கேள்வி எழுதி எழுதிக் கேட்பது அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"வாயைத் தொறந்து கேட்டா என்ன இவரு?" என்று ரோஸ்மரியிடம் திரும்பினார். "வாத்தியார் மாதிரி எழுதிக்கிட்டிருக்காரு."

"அண்ணே, இவரு யாரு தெரியுமா..." என்று அவள் ஆரம்பித்தாள்.

வில்மர் கையை உயர்த்தினார். அவள் நிறுத்திக்கொண்டாள். அவர் மகனுடைய முகவரியைச் சரி பார்த்தார், தடையை நீக்கினார், தாள் திறந்தது. அச்சடித்துக் கொடுத்தாள் ரோஸ்மரி. அந்த ஆள் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, ரோஸ்மரிக்கு நன்றி சொல்லிவிட்டு, பேருந்தைப் பிடிக்க ஓடினார்.

"சொல்லியிருக்கலாம்ல?" என்றேன் நான். "ப்ளாங்கீஷோக்காரரு. சின்ன வயசுல தெனமும் உங்களைக் கேட்டிருப்பாரு."

"எதுக்கு?" என்று எழுதினார். அழித்தார். ஒரு பெண் கையில் மொபைலோடு காத்திருந்தாள். அவளுக்கு நாற்காலியைக் காட்டினார்.